மூக்கடைப்புக்கு நாசரேத் போன மாமியார்

நான் அங்கே இல்லை. இதை எனக்குச் சொன்னவள் பாஹிமா. என்னோடு காலேஜில் படித்தவள். கல்யாணமாகி மூன்று வருஷம் ஷார்ஜாவில் இருந்துவிட்டு, பிள்ளை பெறக் காயல்பட்டினம் வந்திருக்கிறாள். தூத்துக்குடியில் ஒரு லேடி டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு அவள் பெஞ்சில் இடம் தேடியபோது, ஏழு மாத வயிற்றோடு முத்துச்செல்வி என்ற பெண் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்தாளாம். தன்னிடம்தான் பேசுகிறாள் என்று பாஹிமாவுக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்ததாம். வார்த்தை ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கலாம்.

"...ஒரு மூக்கு அடச்சா இன்னொரு மூக்கு தொறந்திருக்கணும்லா? அதான ஞாயம்? எனக்கு ரெண்டும் அடப்பு! வாயாலதான் மூச்சு விடுதேன். காலைல எந்திச்சா நாக்கு காஞ்ச கருவாடு மாதிரி கெடக்கு... உக்காருங்க அக்கா, உக்காருங்க, பைய நான் எடுத்துக்கிடுதேன். உங்களுக்கும் என் வயசுதான் இருக்கும், இருந்தாலும் அக்கான்னே வருது. எத்தன மாசம்? அஞ்சா? மூக்கு? ...ஒண்ணுமில்லயா! ம்ம். குடுத்து வச்சவிய.

மசக்கைன்னா வாந்தி வரும், மாங்கா கேக்கும், காலு வீங்கும்னு ஊரே சொல்லிச்சு. மூக்கப் பத்தி ஒருத்தி வாயத் தொறக்கணுமே! சளி இல்ல, காய்ச்சல் இல்ல, தும்மல்கூட இல்ல. சும்மா அடச்சிக்கிட்டு நிக்கி. சிந்துனா ஒண்ணும் வராது, ரத்தம் மட்டும் ஒரு பொட்டு எட்டிப் பாக்கும். அதப் பாத்துப் பயந்து நான் அழ... அழுதா இன்னும் அடைக்கி. காதும் அடச்சிப்போச்சி. நீங்க பேசுதது எனக்குக் கெணத்துக்குள்ள இருந்து கேக்க மாதிரி இருக்கு. நீங்க இன்னும் ஒண்ணும் பேசல, அது வேற விசயம்.

கொறட்ட வேற! சொல்ல வெக்கமா இருக்கு. எங்க வீட்டுக்காரவிய, வேல்ராஜுன்னு, ஹார்பர்ல வேல. 'ஏளா, கப்பல் சங்கு ஊதுதுன்னு எந்திச்சிச் சட்டயப் போட்டுட்டேன்'னு சொல்லுதாவ. நக்கலு! இப்பம் பாயச் சுருட்டிக்கிட்டு ஹாலுக்குப் போயிட்டாவ. ஆமா, அவியளுக்கு ஹால் இருக்கு. நான் எங்கன போவேன்? படுத்தா மூக்கு அடைக்கி, சாஞ்சா நெஞ்சு எரியிது. மூணு தலவாணி வச்சி, சலூன் கடை நாற்காலில உக்காந்த மாதிரி தூங்குதேன்.

வைத்தியமா? என்ன பண்ணல! நொச்சி எல போட்டு ஆவி புடிச்சேன், முகம் வெந்ததுதான் மிச்சம். சுக்கும் கருப்பட்டியும் போட்டுக் காப்பி குடிச்சேன், நெஞ்செரிச்சல் கூடிப்போச்சி. உப்பளக் காத்தா இருக்கும்னு சன்னல எல்லாம் சாத்துனேன், வேர்த்து ஊத்துது. சரி, வெளிய இருந்து வரல, வீட்டுக்குள்ளதான் ஏதோ இருக்குன்னு யோசிச்சேன். யோசிச்சா... எங்க அத்த.

அத்தன்னா மாமியா. நல்லவியதான், கொற சொல்லக்கூடாது. ஆனா செவ்வா வெள்ளி சாம்பிராணி போட்டு வீட்டையே பொகையாக்கிருவாவ. 'அத்த, எனக்கு மூக்கு அடைக்கி'ன்னேன். நிப்பாட்டிட்டாவ. மூக்கு தொறக்கல. அடுத்து கருவாடு. சாளக் கருவாடு வறுத்தா எங்க தெருவே சோத்துக்கு ஒக்காந்துரும்! அதயும் சொன்னேன். நிப்பாட்டிட்டாவ. மூக்கு? ம்ஹூம். மிச்சம் என்ன இருக்குன்னு பாத்தேன். அவிய தலைக்கு வேப்பெண்ண தேப்பாவ. நாப்பது வருசப் பழக்கம். 'அத்த, அந்த நாத்தம்தான் எனக்கு ஆகலபோல'ன்னுட்டேன். நாத்தம்னு சொல்லிருக்கக் கூடாது. வாய் முந்திக்கிட்டு. மூக்குதான் அடச்சிருக்கு, வாய் தொறந்துதான கெடக்கு!

சண்ட போடல அக்கா, போட்டிருந்தா பரவாயில்ல. 'சாம்பிராணிய விட்டேன், கருவாட்ட விட்டேன். இனி வீட்டுல மிச்சம் நான்தான். நானும் போயிட்டா உனக்கு நல்லாயிரும் தாயி'ன்னு சொல்லி, பைய எடுத்துக்கிட்டு நாசரேத்துக்கு மக வீட்டுக்குப் பஸ் ஏறிட்டாவ. இன்னிக்கோட ஒம்பது நாளு. வீட்டுக்காரவிய எங்கிட்ட மொகம் குடுத்துப் பேசல. எங்கம்மா உசுரோட இல்ல. பிள்ளையக் குளிப்பாட்ட, பத்தியம் பாக்க அவியள விட்டா எனக்கு யாரு இருக்கா? ஃபோன் பண்ணவும் ரோசமா இருக்கு.

சரி, வேப்பெண்ண போயிட்டு, அத்தயும் போயிட்டாவ. மூக்கு தொறக்கணும்லா? தொறக்கல! இன்னும் கூடிப்போச்சி! அதான் எனக்குப் புரியவே மாட்டேங்கு.

இருங்க, ஒரு நிமிசம்... ஸ்ஸ்... ஸ்ஸ்... ஆஹ்! இது மட்டும் இல்லன்னா நான் செத்திருப்பேன். அடிச்ச ஒடன தொறந்துரும் பாருங்க, கதவத் தொறந்த மாதிரி. ஆனா ரெண்டு மணிநேரம்தான். மறுபடி அடைக்கும், மறுபடி அடிக்கணும். மொதல்ல ராத்திரி மட்டுந்தான் அடிச்சேன். இப்பம்... எண்ணுததில்ல.

எதா? இதா? மூக்குல அடிக்க மருந்து. எந்தம்பி செந்தில்முருகன் துபாயில இருந்து கொண்டாந்தான். மூணு பாட்டிலு. இது மூணாவது. அஞ்சாம் மாசக் கடேசில லேசா அடச்சிது, அப்பம் ஆரம்பிச்சேன். ஆறு வாரம் இருக்கும்... டாக்டரம்மாட்டயா? சொல்லலயே. முழுங்குனாதான மருந்து? இது மூக்கோட நின்னுக்கிடும்லா?

என்னக்கா அப்பிடிப் பாக்கிய? பாட்டில்ல படிக்க ஒண்ணும் இருக்காது, எல்லாம் அரபில கெடக்கு, அதும் அழிஞ்சிபோச்சி. ...என்னது? நாளா? எத்தன நாளுன்னு அட்டயில போட்டிருக்குமா? நீங்க அங்கன பாத்திருக்கியளா? ஒரு வாரத்துக்கு மேல அடிச்சா... இதாலயே அடைக்குமா! இதாலயேவா?

...இருங்க, இருங்க. அட்ட வரலக்கா. பேப்பரும் வரல. கல்ஃப்ல இருந்து வாரவனுக்குப் பிளேன்ல முப்பது கிலோதான விடுவான். எங்க வீட்டுல யாரு வந்தாலும் டப்பா, அட்ட, பேப்பரு எல்லாத்தயும் அங்கனயே கழிச்சிட்டு, சாமானை மட்டும் துணிக்குள்ள சுத்தி வைக்கதுதான். அவன் கேட்டான்: 'எக்கா, மருந்து அட்டய மட்டும் வச்சிக்கிடட்டுமா?'ன்னு. நாந்தான்... நாந்தான் ஃபோன்ல கத்துனேன். 'அட்டயத் திங்கவா போறேன்? குப்பையில போட்டுட்டு, அந்த எடத்துல ஒரு பாக்கெட் பிஸ்தா வையிலே'ன்னு.

பிஸ்தா அன்னிக்கே தீந்துபோச்சி.

அய்யோ... அவிய எண்ணயக் கொற சொன்னேனே...

டோக்கன் பதினேழா? நாந்தான் சிஸ்டர், வாரேன். ஒரே ஒரு ஃபோன். இல்ல, இப்பமே பண்ணணும், உள்ள போயிட்டு வந்தா ரோசம் திரும்ப வந்துரும்... ஹலோ. அத்த? முத்துச்செல்விதான். நல்லாருக்கேன். இல்ல, நல்லால்ல. மூக்கா? மூக்கு அப்பிடியேதான் இருக்கு. அதச் சொல்லத்தான்... அத்த, நீங்க இல்ல. சாம்பிராணி இல்ல, கருவாடு இல்ல, எண்ணயும் இல்ல. நாந்தான். ...நாந்தான்னு சொல்லுதேன்லா, கேக்கலயா? காது எனக்குத்தான அடச்சிருக்கு! ...வாங்க. நாளைக்கி வெள்ளிக்கெழம. வீட்டுல சாம்பிராணி போட ஆளில்ல."

பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே முத்துச்செல்வி உள்ளே போனாளாம். போகிற போக்கில் தன் நம்பரை மட்டும் பாஹிமாவிடம் சொன்னாளாம்.

பாஹிமாவுக்கு இவ்வளவுதான் தெரியும். எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மருந்துக்கடையில் அதே மாதிரியான மூக்கு மருந்தின் அட்டையை வாங்கிப் படித்தேன். பொடி எழுத்துதான், ஆனால் இருக்கிறது: ஏழு நாளுக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. பிறகு பாஹிமா வாங்கி வைத்திருந்த நம்பரில் முத்துச்செல்வியையே கூப்பிட்டேன். டாக்டர் நன்றாகத் திட்டிவிட்டு, மருந்தை நிறுத்தச் சொல்லி, உப்புத்தண்ணீர் சொட்டு மட்டும் கொடுத்தாராம். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, ஸ்கேனும் பார்த்தாயிற்று. கர்ப்பத்துக்கென்று வருகிற அடைப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், பிள்ளை பிறந்தால் போய்விடும் என்றாராம். முதல் ஐந்தாறு நாள் நரகம்.

வாசனை திரும்பியது பதினோராம் நாள். முதலில் தெரிந்தது எது என்று கேட்டேன்.

"வேப்பெண்ணதான். அத்த தலமாட்டுல உக்காந்து காலு அமுக்கி விட்டுக்கிட்டு... இல்ல, கால்மாட்டுலதான். நாத்தம்னா நாத்தம்தான் அக்கா, பொய் சொல்லக்கூடாது. ஆனா இருந்துட்டுப் போட்டும்."