மாதம் ஒரு பாட்டில்

டாக்டர், வழுக்கை விழுந்தவன் முடி வளரும் மருந்தை விற்கக் கூடாது. எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு என் தலையைப் பார்ப்பார்கள். நீங்கள் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஐந்தாறு வருடமாக அதே கேள்வி, அதே சிரிப்பு.

நாளைக் காலை நீங்கள் ஆபரேஷன் செய்யப்போவது என் தம்பிக்கு. பின்மண்டையிலிருந்து முடியை வேரோடு எடுத்து முன்னால் நடப்போகிறீர்கள். இரண்டு வருடம் மருந்து தடவியும் பலனில்லை என்று அவன் ஃபைலில் எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. அதைச் சொல்லத்தான் அவனுக்குத் தெரியாமல் வந்தேன்.

அவனுக்கு இருபத்தாறு வயதில் கொட்டத் தொடங்கியது. எனக்கும் அதே வயதில்தான். எனக்கு அப்போது வழி சொல்ல ஆளில்லை. அவனுக்கு நான் இருந்தேன். நல்ல மருந்தாகத்தான் கொடுத்தேன். முதலில் இன்னும் அதிகமாகக் கொட்டும், பயந்து விட்டுவிடாதே என்றும் சொல்லிவைத்தேன். மாதாமாதம் ட்யூப்லைட்டுக்குக் கீழே நிறுத்தி நானே படம் எடுத்தேன். ஐந்தாவது மாதப் படத்தில் முன்நெற்றி ஓரத்தில் பூனைமயிராக முளைத்திருந்தது. அவன் கவனிக்கவில்லை, அம்மா கவனித்துவிட்டாள்.

"பெரியவன்தான் இப்படி ஆயிட்டான். இவனாவது தப்பிச்சானே," என்றாள். சந்தோஷத்தில் சொன்னதுதான்.

அதே வாரம் அவனோடு சட்டை வாங்கப் போயிருந்தேன். "உங்க பையனுக்கு இந்தக் கலர் எடுப்பா இருக்கு சார்," என்றார் கடைக்காரர். எங்களுக்குள் ஐந்து வயதுதான் வித்தியாசம். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். வீட்டுக்கு வந்தும் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பாட்டில் மூடியைத் திறந்து சொட்டுக்குழாயைப் பொருத்தித் தருவது எங்கள் கடை வழக்கம். அதனால் சீல் உடைந்திருப்பதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அடுத்த பாட்டிலைப் பின்னறைத் தொட்டியில் கொட்டினேன். ஸ்பிரிட்டும் தண்ணீரும் கலந்து, பிசுபிசுப்புக்குக் கொஞ்சம் கிளிசரின் விட்டு நிரப்பினேன். ஒரு மாதம்தான் என்று நினைத்தேன். பத்தொன்பது பாட்டில் ஆகிவிட்டது.

முளைத்ததெல்லாம் நாலே மாதத்தில் உதிர்ந்தது. பிறகு மாத்திரை கேட்டான். யாரோ சிலருக்கு வருகிற பக்கவிளைவை எல்லோருக்கும் வருவதுபோல் விளக்கி, ஆண்மையே போய்விடும் என்று மிரட்டிவைத்தேன். அதையும் நான் அக்கறையாகத்தான் சொன்னதாக அவன் நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்குள்ளேயே தொப்பி போட ஆரம்பித்தான். பேசி முடித்திருந்த பெண் ஒரு குறையும் சொல்லவில்லை; இவன்தான் அவள் போனை எடுக்காமலே இருந்து, கல்யாணத்தையே இல்லாமல் ஆக்கினான். அன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என் உடம்பு வாகு அப்படிண்ணே. நீ மட்டும் இல்லேன்னா நான் எப்பவோ நொறுங்கிப் போயிருப்பேன்."

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஆனாலும் அந்த மாதப் பாட்டிலை அப்படியேதான் நிரப்பினேன். இதை உங்களிடம் சொல்லும்போதுகூட உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

அதனால்தான் கேட்கிறேன், ஆபரேஷனை நிறுத்திவிடுங்கள். நட்ட முடி பிடித்துக்கொள்ளும், ஒரு வருடத்தில் தலை நிறைந்துவிடும் என்று நீங்கள் சொன்னதை அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்காக நான் வரவில்லை. மருந்தே ஒழுங்காகப் படாத தலையில் கத்தி வைப்பது நியாயமில்லை, அவ்வளவுதான். முதலிலிருந்து மறுபடியும் மருந்தே எழுதுங்கள். காரணத்தை மட்டும் அவனிடம் சொல்ல வேண்டாம், தாங்க மாட்டான். சீட்டை என்னிடம் கொடுங்கள். எப்போதும்போல நானே வாங்கிக் கொடுத்துவிடுகிறேன்.