நான்கு நிமிடக் கூட்டம்

கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. இந்த விசாரணையில் என்னைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும், நான் என்னவோ கூட்டம் போடுவதற்கென்றே பிறந்தவன் போலச் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனைப் படுக்கைகளில் அழைப்பு மணி பொருத்தித் தருவது எங்கள் நிறுவனத்தின் தொழில். நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்சு மேசையில் மணி அடிக்கும். வருகிறார்கள் என்று நோயாளிக்குத் தெரிய தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு எரியும். அங்கே நான் திட்ட ஒருங்கிணைப்பாளர். அதாவது, எனக்கு ஒரு வேலையும் தெரியாது. வேலை தெரிந்தவர்களைக் கூப்பிட்டு, எதுவரை வந்திருக்கிறது என்று கேட்பதுதான் என் வேலை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஆரம்பத்தில் இரண்டு மணி நேரம் இழுக்கும். ஒயர்மேன் சுவரில் துளை போட்ட கதையை முதலிலிருந்து சொல்வார். ஸ்டோர் பொறுப்பாளர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தூங்குவார். ஒருநாள் நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் ஒயர்மேனின் குரல் கேட்டது. "இந்தாளுக்குப் பதில் சொல்ற நேரத்துல ரெண்டு மாடிக்கு ஒயர் இழுத்திருப்பேன்." எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவர் சொன்னது நியாயம் என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே குத்தியது.

அன்றே திருந்தினேன். முதலில் அறையிலிருந்து நாற்காலிகளை வெளியேற்றினேன். நின்றால் பேச்சு குறையும் என்று எங்கோ படித்திருந்தேன். பிறகு ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தேன், ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. வேலை ஒழுங்காகப் போனால் பச்சையை மேலே வைத்துவிட்டுப் பேசாமல் நிற்கலாம். சிக்கல் என்றால் சிவப்பு. யாராவது ஒருவர் சிவப்பு வைத்தாலும் அது தீரும்வரை எல்லாரும் நிற்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து தலையைப் பிய்த்துக்கொண்டால் சீக்கிரம் வழி பிறக்கும் என்பது என் கணக்கு. கூட்டத் தாளில் ஆளாளுக்குக் கையெழுத்தை உள்ளே வரும்போதே வாங்கிவிடுவேன். பச்சையா சிவப்பா என்பதை அப்புறம் நானே அதில் குறித்துக்கொள்வேன். அதிலும் இரண்டு நிமிடம் மிச்சம்.

"வீட்லயும் நிக்க வெச்சுத்தான் பேசுவீங்களா, இல்ல நான் உக்காரலாமா?" என்று என் மனைவி கேட்டாள். அவளுக்கு நிர்வாகம் புரியாது என்று அப்போது நினைத்தேன்.

முதல் வாரம் மூன்று பேர் சிவப்பு வைத்தார்கள். மற்றவர்கள் அவர்களை முறைத்தார்கள். இரண்டாம் வாரம் ஒருவர்தான் வைத்தார். மூன்றாம் வாரத்திலிருந்து எல்லாம் பச்சை. ஒயர்மேன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்றுகூடப் பச்சைதான் வைத்தார். கூட்டம் பதினொரு நிமிடமாகி, ஏழாகி, ஐந்துக்கு வந்து நின்றது. வராந்தாவில் என்னைப் பார்த்தால் திரும்பி நடந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். ஒயர்மேன் ஒருநாள் டீ வாங்கிக் கொடுத்தார். சொன்னால் வெட்கக்கேடு, அந்தக் காகிதக் கோப்பையை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்தேன். மற்றக் கிளைகளுக்கும் போய் இதைச் சொல்லிக் கொடு என்று தலைமை அலுவலகம் கேட்டது. செவ்வாய்க்கிழமை மேலாளர் நேரில் பார்க்க வருகிறார் என்று செய்தி வந்தது. நான் புதுச் சட்டை எடுத்தேன்.

அதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை மத்தியானம், எங்கள் சோதனைப் பொறியாளர் என்னை மாடிப்படியில் நிறுத்தினாள். மணிகளைச் சோதித்துப் பார்ப்பது அவள் வேலை. சின்னப் பெண், சுருக்கமாகப் பேசுவாள். அவளை எனக்குப் பிடிக்கும்.

"சார், ரெண்டு படுக்கையில ஒரே நேரத்துல அழுத்துனா ஒரு மணிதான் அடிக்குது. இன்னொண்ணு விட்டுப்போயிடுது. அப்புறம் அந்தப் படுக்கையில எத்தன தடவ அழுத்தினாலும் அடிக்கல. ஆனா விளக்கு மட்டும் எரியுது."

"தீர்வு என்னம்மா?"

"தெரியல சார். எல்லாரும் உக்காந்து பேசினாத்தான் தெரியும்."

"உக்கார நாற்காலி இல்லையேம்மா" என்றேன்.

படியேறி வந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். என் நகைச்சுவைக்கு நல்ல வரவேற்பு இருந்த காலம் அது.

மறுநாள் மேலாளர் கதவோரம் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு அட்டை பச்சை. அவள் சிவப்பு வைத்தாள். மேலாளர் தலையை நிமிர்த்தினார். நான் ஒரு விரலால் அந்த அட்டையைத் திருப்பிவிட்டு, "இத நாம தனியா பேசிக்கலாம்மா" என்றேன். அவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் கதவைத் தாண்டியிருந்தார்கள். நான்கு நிமிடம். மேலாளர் கை குலுக்கினார்.

மற்றவர்கள் தாங்கள் எதையும் பார்க்கவில்லை என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள், தலைக்கு மேல் வேலை உள்ளவர்கள். நான் பேச நினைத்தது உண்மை. வியாழக்கிழமை பத்து மணி என்று டைரியில்கூடக் குறித்திருந்தேன். வியாழக்கிழமை என்னை வேறொரு கிளைக்கு அனுப்பிவிட்டார்கள், கூட்டத்தைப் பயனுள்ளதாக நடத்துவது எப்படி என்று பேச. நான் திரும்புவதற்குள் மணியை மருத்துவமனையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். எல்லாமே பச்சையாக இருந்ததே.

ஒப்படைத்த மூன்றாவது வாரம், பட்டப்பகலில், இறந்துபோனாரே அந்தத் தையற்காரர், அவருக்கு வார்டில் மூச்சு முட்டியிருக்கிறது. மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் பொத்தானை அழுத்திய அதே நொடியில் எதிர்ப் படுக்கைக்காரர் தண்ணீருக்காக அழுத்தினார். நர்சு தண்ணீர் கொடுக்கப் போனாள். தையற்காரர் இருபத்தாறு முறை அழுத்தியதாக எங்கள் கருவியே பதிவு செய்து வைத்திருக்கிறது. பதிவு செய்வதில் அது கெட்டி. பக்கத்துப் படுக்கைக் கிழவர் கொடுத்த சாட்சியத்தை நீங்களே வாசித்தீர்கள். "நான் சத்தம் போடட்டுமான்னு கேட்டேன். விளக்கைக் காட்டி வேணாம்னு கையை ஆட்டினாரு. வந்துருவாங்கன்னு நம்பிக்கிட்டுக் கிடந்தாரு."

நான் குறித்த தாளில் பச்சை இருக்கிறது, அதன் கீழே அந்தப் பெண்ணின் கையெழுத்து இருக்கிறது. ஆகவே இரண்டு மாதமாக அவளுக்கு வேலை இல்லை. அடுத்து வழக்கும் அவள் மேல்தான் பாயும் என்கிறார்கள். அது தவறு. அட்டையைத் திருப்பியது நான். அவள் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரியவில்லை. புரியாத ஆளை இந்த இடத்தில் உட்கார வைத்தது நிறுவனத்தின் தவறு என்றும் நீங்கள் சேர்த்து எழுதலாம்.

நானாகவே வந்து சொன்னேன் என்று குறித்துக்கொண்டீர்களா? வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் மனைவி. "அந்தப் பொண்ணு மேல பழி போகுது. நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் போய்ச் சொல்லட்டுமா?" என்று காலையில் கேட்டாள். சட்டைப் பொத்தானைக்கூடப் போடவிடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நான் ஒன்றை விட்டுவிட்டால் அவள் உள்ளே வந்து அதைச் சொல்லிவிடுவாள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வழியில் நான் மணி பொருத்தியிருந்த அந்த வார்டுக்குப் போனேன். வார்டில் இன்னும் நோயாளிகளைச் சேர்க்கத் தொடங்கவில்லை. மேசையில் காவலுக்கு ஒரு நர்சு மட்டும் எழுதிக்கொண்டிருந்தாள். இரண்டு படுக்கைகளுக்கு நடுவில் நின்று, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை ஒன்றாக அழுத்தினேன். அவள் எழுந்து வந்து இடப்பக்கத்துப் படுக்கையைப் பார்த்தாள். சோதனை என்று சொல்லி அனுப்பிவிட்டு, வலப்பக்கத்துப் படுக்கையில் படுத்து மறுபடி அழுத்தினேன். தலைமாட்டில் விளக்கு எரிந்தது. பத்து நிமிடம் அழுத்திக்கொண்டே கிடந்தேன், யாரும் வரவில்லை. வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "மணிய ஒப்படைக்கிறது ஒரு வாரம் தள்ளிப்போனா குடியா முழுகிடும்? நாளைக்குச் சொல்லிடுங்க" என்றாள். நாளைக்கு மேலாளர் வருகிறார் என்று சொல்லிவிட்டு, சட்டையை இஸ்திரி போட எடுத்துக் கொடுத்தேன்.