எல்லாரும் படுத்தாத்தான் விடியும்

ஹலோ... ஹலோ, பூசணியா? அக்கா பேசறேன்டா... எந்த அக்காவா? உனக்கு பூசணின்னு பேர் வச்சானே, அவனோட அக்கா. வேற யாரு உன்னை இப்படிக் கூப்பிடறா?... ஆங், அதான்... இருக்கேன், இருக்கேன். நீ கடையிலயா? ஆள் யாராவது நின்னா சொல்லு, அப்புறம் பேசறேன்... வீட்டுலயா? பட்டப்பகல்ல கடையைப் பூட்டிட்டு வீட்டுல என்ன பண்றே?... விளையாட்டு! சரியாப் போச்சு. எங்க, நீங்கள்லாம் சேந்து ஆடற நம்ம சின்னவன் சர்வர்லயா?... அப்போ நல்லதாப் போச்சு. அது விஷயமாத்தான் கூப்பிட்டேன்.

அவன் மிஷின் இழுத்துக்கிட்டு கிடக்குடா... இல்ல, ஓடுது. ஆனா ஃபேன் கத்தற கத்தல் சமையக்கட்டு வரைக்கும் கேக்குது. உள்ள டிஸ்க்கு வேற டொக்கு டொக்குனு தட்டுது. யாரோ வந்துட்டாங்கன்னு ரெண்டு தடவை போய் வாசக்கதவைத் திறந்து பாத்துட்டேன்... சிரிக்காதடா. ஆள் யாருமில்லாத வாசல்ல நின்னு பாத்தாத் தெரியும் உனக்கு.

ம்... ம்... வேற வாங்கணும். நானும் அதான் சொல்றேன். போன வாரம் பெரிய கடை ஒண்ணுக்குப் போனேன். வீட்டுல இருந்தே கேம் சர்வர் ஓட்டணும்னேன். அந்த ஆள் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு பீரோ சைஸுல ஒண்ணைக் காட்டறான். பிராசசர்ல முப்பத்திரண்டு கோராம்... வேண்டாமா? ஏன்?... இந்த மாதிரி கேமுக்கு முக்கால்வாசி வேலையை ஒரு கோர்தான் செய்யுமா? மத்ததெல்லாம்?... சும்மா வேடிக்கை பாக்குமா! முன்னாடி நான் இருந்த ஆபீஸ் மாதிரின்னு சொல்லு... சரி, சரி. கூட்டம் வேண்டாம், ஒண்ணு வேகமா ஓடினா போதும். எழுதிக்கிட்டேன்.

ரேம்?... பதினாறு. பசங்க பத்துப் பதினஞ்சு பேருக்கு அது தாராளமா... ஆமா... எஸ்எஸ்டியா? அது தட்டாதுல்ல?... அப்பாடா. அதைப் போடு முதல்ல... வைஃபை வேண்டாமா? ரூட்டர் ஹால்ல இருக்கேடா... சுவரோரமா ஒயரை இழுத்துக்கலாம், அதெல்லாம் நான் பாத்துக்கறேன்... யூபிஎஸ் இருக்கு, போன வருஷம்தான் பேட்டரி மாத்தினான். மாத்திட்டு என்னா பீத்தல்!... ஆமா, ஆமா.

சாப்பாட்டு டப்பா சைஸா? அவ்ளோ சின்னப் பொட்டி இதையெல்லாம் தாங்குமா?... ம்... சூடாகாது. சத்தமே வராது... சத்தமே வராதா?... இல்ல, ஒண்ணுமில்ல. நல்லதுதானே.

பூசணி, ஒரே ஒரு விஷயம். பழசை அணைக்காம இதுக்கு மாத்தணும்.

...

முடியாதுன்னா என்ன அர்த்தம்? நீ இதே தொழில்தானே பண்றே?... அதெல்லாம் எனக்குத் தெரியும். கேம்ல இருக்கற ஊரு, வீடு, ஏரி எல்லாம் அப்படியே காப்பியாகும். அவன்? அவன் கேமும் அதே பொட்டியிலதானேடா திறந்து கிடக்கு. "இருங்க, வந்துடறேன்"னு உங்களுக்கு அடிச்சுட்டு, ஹெட்போன் ஒயர் வாங்க பைக்கை எடுத்துட்டுப் போனான். அந்த லாரி... சரி, விடு. அன்னிலேருந்து அந்த ஏரிக்கரையில நிக்கறான், அதே செவப்புச் சட்டையோட. மிஷினை நிறுத்தினா காணாமப் போயிடுவான்...

திரும்ப அவன் பேர்லயே உள்ள போகலாம், சரி. யாரு போவா? நானா? அப்போ அங்க நிக்கறது நான்தானே. இப்ப நிக்கறது அவன் கையால நிறுத்தினதுடா...

பொம்மைதான்! தெரியும்! எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? அம்மாவுக்காகச் சொல்றேன். அவங்க தாங்க மாட்டாங்க. அந்த ரூம் பக்கமே அவங்களை விடறதில்ல நான். இப்பக்கூட மாத்திரை போட்டுட்டு முன் ரூம்ல படுத்திருக்காங்க, அதான் சமையக்கட்டுல நின்னு பேசறேன்... கத்தலடா. கத்தல. சொல்லு.

என்னது?... அங்க இப்போ ராத்திரியா? சரி, விடியட்டுமே... புரியல, மெதுவாச் சொல்லு... எல்லாரும் கட்டில்ல போய்ப் படுத்தா சட்டுனு விடிஞ்சிடும். ம்... ஒருத்தர் நின்னுட்டிருந்தாலும் முழு ராத்திரியும் கழிஞ்சாகணும். ம்... ஓ.

அவன் நிக்கறானே.

அப்போ இத்தனை மாசமா ஒவ்வொரு ராத்திரியும் நீங்க எல்லாரும் அந்த இருட்டுலயேவா... விளக்கு வச்சுக்கிட்டா? அவனைச் சுத்தி விளக்கு வச்சிருக்கீங்களே, அதுக்கா அது? நான் ஏதோ அழகுக்குன்னு நெனச்சேன்... ஏதோ செட்டிங்கை மாத்தினா சரியாயிருக்குமே?... யாரும் மாத்தலையா... ஏன்டா எங்கிட்ட சொல்லல?... ம்... என்கிட்ட எப்படிச் சொல்லுவீங்க. சரிதான்.

...

யாரு? யாரு நடக்கறா?... டேய், விளையாடாத... பூசணி, இதுல விளையாடக் கூடாதுடா, கெட்ட கோவம் வரும் எனக்கு... செவப்புச் சட்டையா? தலைக்கு மேல பேர் தெரியுதா? படி... அவனேவா?

எப்படிடா? இப்பவா? இந்த நிமிஷமா?... இன்னிக்கு மட்டும் இல்லையா? தெனமும் மதியத்துல? அப்புறம் பழையபடி ஏரிக்கரையில... இருட்டுல எல்லாரும் ஓரமா ஒதுங்கி நின்னு பாத்துட்டு... கடவுளே. இதுக்குத்தான் கடையைப் பூட்டிட்டு உக்காந்திருக்கியா நீ?

 வச்சுடாத. லைன்லயே இரு... போறேன். போய்ப் பாக்கறேன். ஹாலைத் தாண்டிட்டேன்... ரூம் கதவு சாத்தித்தான் இருக்கு. நான்தான் சாத்தினேன்... ஃபேன் சத்தம் கேக்குதா உனக்கு? அதே சத்தம். அவன் உள்ள இருந்தா எப்படிக் கேக்குமோ அப்படியே... என்ன பேசறேன் நான்... இன்னும் நடக்கறானா? எந்தப் பக்கம்?... வீட்டுப் பக்கமா.

திறக்கறேன்... சின்னவனே?... டேய், சின்னவனே...

...

அம்மா.

...

அம்மா, நீ எப்போ வந்தே இங்க?

பூசணி... அம்மாடா. அவன் நாற்காலியில உக்காந்திருக்காங்க. கண்ணாடியை மூக்கு நுனியில போட்டுக்கிட்டு, ஒத்தை விரலால அந்த முன்னால போற பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு... இரு, ஏதோ சொல்றாங்க.

என்னம்மா?... கால் வலிக்காதான்னு கேக்கறாங்கடா. எத்தனை நாளைக்குத்தான் புள்ளை நிப்பான்னு கேக்கறாங்க. தெனமும் நான் துணி காயப்போட மாடிக்குப் போறப்போ கொஞ்ச தூரம் வீட்டுப் பக்கம் நடத்திட்டு வருவாங்களாம். நான் எறங்கி வர்றதுக்குள்ள பழைய இடத்துலயே கொண்டுபோய் நிறுத்திடுவாங்களாம். இன்னிக்கு நான் போன்ல இருக்கறதைப் பாத்துட்டு வந்தாங்களாம்... ஏம்மா? எதுக்குத் திரும்பக் கொண்டுபோனே?

...

எனக்காகவாம். நான் தாங்க மாட்டேனாம்.

என்னைச் சொல்றாங்கடா, பூசணி.

...

இருக்கேன். இருக்கேன், லைன்லதான் இருக்கேன்... என்னம்மா, படி ஏற மாட்டேங்கறானா? கீழ நீளமா ஒண்ணு இருக்கு பாரு, அதை அழுத்து. இதையும் சேத்து... ஏறிட்டான். ஏறிட்டான்... கதவு யாரு திறந்தது?... நீயாடா? அந்தக் குண்டா நிக்கறது நீயா? கேம்லயும் பூசணியாத்தான் இருக்கே, போ.

அவன் கட்டில் எது?... ஜன்னல் பக்கமா. பச்சைப் போர்வை. அம்மா, அது இல்ல, அடுத்தது... ஆமா, கிட்டப் போ. அதை அழுத்து...

படுத்துட்டான்.

விடியலையேடா?... நீ இன்னும் வாசல்லயே நிக்கறியே! போய்ப் படு. பசங்களையும் படுக்கச் சொல்லு, சீக்கிரம்... ம்... இன்னும் ஒருத்தன் பாக்கியா? அந்த வாலுப்பயலா? அவனையும் கூப்பிடு...

அம்மா, ஜன்னலைப் பாரு. வெளுக்குது பாரு.

...

நீங்கள்லாம் எந்திரிச்சுட்டீங்களா? அவன் படுத்துத்தான் இருக்கான்... எந்திரிக்கணும்னா ஒரு பட்டனை அழுத்தணுமா? யாரும் அழுத்தல. அழுத்த வேண்டாம்... தூங்கட்டும்.

பூசணி, என்ன அடிக்கணும், சொல்லு... ஆமா, இப்பத்தான். விடிஞ்சிருக்கு, நல்ல வெளிச்சமா இருக்கு, இப்பவே பண்ணிடலாம்... அந்தக் கறுப்புக் கட்டத்துல... முதல்ல சேவ். அடிச்சாச்சு. ஏதோ வருது... சரின்னு வருது. டொக்கு டொக்குனு தட்டிக்கிட்டே எழுதுது பாவம்... முடிஞ்சிருச்சு. அடுத்து ஸ்டாப்பா... அடிச்சுட்டேன். இனி எண்டரை அழுத்தணும். அம்மா, உன் கையை என் கை மேல வை.

...

உன் பக்கமும் கேம் போயிடுச்சா?... ம்... மிஷினையும் அணைச்சுட்டேன். ஃபேன் சுத்திச் சுத்தி நிக்குது... நின்னுடுச்சு.

...

கேக்குதாடா உனக்கு? ஒண்ணுமே இல்ல. அடுத்த வீட்டுல பாத்திரம் வைக்கற சத்தம் கேக்குது. இத்தனை நாளா அது கேட்டதே இல்ல... அம்மாவா? அம்மா அழல. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க... அது நான்தான்டா.

சரி, நாளைக்குப் பொட்டியோட வந்துடு. சாப்பிடாம வா... ஆமா... ஆமா, ரூட்டர்லேருந்து இழுக்கற அந்த ஒயரும் வாங்கிட்டு வா. நடந்தே வா, பைக்கை எடுக்காதே... வச்சுடறேன்.

ஏய், இரு, இரு. அந்தப் புதுப் பொட்டி சத்தமே வராதுன்னியே... வேண்டாம்டா. கொஞ்சம் சத்தம் போடற ஃபேன் இருந்தா பாத்து மாட்டிட்டு வா.

... ம்.

வச்சுடறேன்.