நல்லுறவுக் கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி

தெருவில் என்னை நறுக்கு அக்கா என்பார்கள். துணியையும் வெட்டுவேன், பேச்சிலும் வெட்டுவேன். வயது முப்பத்தொன்பது. மார்க்கெட் பின்சந்தில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வீட்டில், முன்னறையில் தையல் மெஷினும் பின்னறையில் நானும் தம்பியுமாகக் குடியிருக்கிறோம். தம்பி வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறான். பெற்றோர் இல்லை. பொது நிகழ்ச்சிக்கு இடையூறு செய்ததாக என் மேல் போட்ட வழக்கில், யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நீதிபதி அவர்கள் முன் சொல்வதாவது:

மழைக்காலத்துக்கு முன்பு எங்கள் ஸ்டேஷன் சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து, "அக்கா, உங்க கையால ஒரு டீ" என்று உரிமையோடு உட்கார்ந்தார். போலீசும் பொதுமக்களும் வாலிபால் ஆடப்போவதாகவும், தெரு அணியில் ஓர் ஆள் குறைவதாகவும் சொன்னார். தம்பிக்கு இஷ்டமில்லை. "போலீஸ் உங்க நண்பன்னு காட்டத்தான்டா இதெல்லாம்" என்று தோளில் கைபோட்டு அழைத்துப் போனார். தெரு அணி ஜெயித்தது. செல்போன் கடை முதலாளி தம்பி கையில் கோப்பையைக் கொடுத்தார். அதன் பிறகு அணியின் படத்தைப் பெரிதாக்கி ஸ்டேஷன் வரவேற்பறையில் மாட்டினார்கள்.

அதன் பிறகு அந்த முதலாளியின் கடைப் பூட்டை உடைத்து யாரோ போன்களைத் திருடினார்கள். கேமராவில் ஒல்லியான ஆள் ஒருவன், முகம் மங்கல். புகார் கொடுக்க வந்த முதலாளிக்கு, அணியின் படத்திலிருந்து முகங்களை மட்டும் வெட்டியெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். தம்பியின் முகத்தை எங்கோ பார்த்திருப்பதாக அவர் சொல்லியிருக்கிறார். தம்பியைப் பிடித்துக்கொண்டு போக அது போதுமாம். இதை சப்-இன்ஸ்பெக்டரே தன் சாமர்த்தியமாக என்னிடம் சொன்னார்.

திருட்டு நடந்த இரவு முழுவதும் தம்பி பட்டறையில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். பட்டறைக்காரர் ஸ்டேஷனுக்கே வந்து அதைச் சொன்னார்; எழுதிக்கொள்ளவில்லை. என்னை வரவேற்பறை பெஞ்சில் மதியம் வரை உட்கார வைத்தார்கள். எதிரே சுவரில் தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். உள்ளே அவன் அலறுவது எனக்குக் கேட்டது. அன்று யாரும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

அதன் பிறகு முதலாளியைத் தேடிப் போனேன். "கேஸ் விஷயம் யார்கிட்டயும் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்கம்மா" என்று ஷட்டரைப் பாதி இறக்கினார்.

அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் மறுபடி வீட்டுக்கு வந்தார். இந்தத் தடவை நான் டீ போடவில்லை. "மேலதிகாரி நல்லுறவுக் கூட்டத்துக்கு வர்றாருக்கா. மேடையேறி நம்ம ஸ்டேஷனப் பத்தி ரெண்டு நல்ல வார்த்த பேசுங்க. தம்பி விஷயத்த நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று மட்டும் சொன்னேன்.

சமுதாயக் கூடத்தில் மைக்கை என் கையில் கொடுத்தார்கள். முன்வரிசையில் முதலாளி இருந்தார். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, "அண்ணே, என் தம்பி மூஞ்சிய எங்க பாத்தீங்க? கோப்பை குடுத்தீங்களே, அங்கதானே?" என்று அவரைக் கேட்டேன். மைக்கை அணைத்துவிட்டார்கள். தொண்டை கிழியக் கத்தி மறுபடி கேட்டேன். முதலாளி எழுந்து நின்றார். சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமாம்மா, அங்கதான். வேற எங்கயும் பாத்ததில்ல" என்றார். மேலதிகாரி உட்பட எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகுதான் இரண்டு பெண் காவலர்கள் என்னை மேடையிலிருந்து இழுத்து இறக்கினார்கள்.

இடையூறு செய்தேனா என்றால், செய்தேன். மன்னிப்புக் கேட்கமாட்டேன். கூடம் நிறையப் போலீஸ் இருந்தும் முதலாளி சொன்னதை ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை. என் மேல்தான் எழுதினார்கள். தம்பி இன்னும் ஜெயிலில் இருக்கிறான்.

இதுவரை எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் என் வாயால் சொன்னது, எல்லாம் நடந்தது. முதலாளியை இங்கே வரவழைத்து அதே கேள்வியை நீதிபதி அவர்கள் கேட்க வேண்டும், அவர் சொல்லும் பதிலை எழுதிக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)