பன்வில மழைமணி

மழைமானி மிக எளிமையான கருவி, சேர். உள்ளே சிறுவர் ஏறி இறங்கும் சீசாப் பலகைபோல இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிரம்பிக் கவிழ்ந்தால் மற்றது மேலே வரும். எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணினால் மழையளவு தெரிந்துவிடும். பன்வில தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே நான் பொருத்தியதும் அதுதான். மண் சரியும் அளவுக்கு மழை மீறினால் அந்த லயத்தில் இருக்கும் கணேசின் போனில் மணி அடிக்கும். அவன் லயத்துச் சனங்களைக் கோயிலடிக்கு ஏற்றிவிடுவான்.

அந்த மணியை இணையப் பக்கமாகவே செய்தேன். போன் கம்பனியின் செயலிக் கடையில் அனுமதி கேட்கவேண்டியதில்லை. பக்கத்தைத் திறந்து போன் முகப்பில் ஒட்டிக்கொண்டால் செயலிபோலவே வேலை செய்யும். இப்படிச் செய்யுங்கள் என்று எங்களைத் தூண்டியதும் அந்தக் கம்பனிதான். நம்பினேன். பிறகு ஐரோப்பாவில் சட்டம் வந்தது: மற்றவர்களின் உலாவிகளுக்கும் சம இடம் கொடு என்று. எல்லோருக்கும் கொடுப்பதைவிட எல்லோரிடமும் அந்த வசதியைப் பிடுங்குவது கம்பனிக்குச் சுலபமாக இருந்தது. அடுத்த புதுப்பித்தலோடு, ஐரோப்பியக் கணக்குள்ள போன்களில் எங்கள் பக்கங்கள் வெறும் இணைப்புகளாயின. மணி அடிக்காது.

பன்விலவுக்கும் ஐரோப்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். கணேசின் தங்கை தர்ஷிகா ஐரோப்பாவில், சைப்ரஸில் வீட்டு வேலை செய்கிறாள். போனைத் தன் கணக்கோடு அனுப்பியது அவள். அவளுடைய கணக்கை எடுத்தால் அதிலுள்ள அவள் பிள்ளையின் படங்கள் போய்விடும் என்று அவன் மாற்றவே இல்லை. அங்கே பல வீடுகளில் அப்படித்தான்.

புதுப்பித்த அன்றே கூப்பிட்டான்.

“தனபாலண்ணே, நம்ம மழைப்படத்த அமுக்குனா வேற மாதிரி தொறக்குது. மணி அடிக்குமா?”

“அடிக்கும் கணேஸ்.”

“அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. ஒங்க மணிய நம்பித்தான் பகல்ல கண்ணசருதாம். அடிக்கலன்னா கண்டிக்கு வந்து ஒங்க கடையிலயே பாய விரிச்சுருமாம்.”

இருவரும் சிரித்தோம். அவனுடைய அம்மா ராக்கம்மா, முழங்கால் வலியால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாதவர்.

ஏன் பொய் சொன்னேன்? இந்த மாற்றம் வருகிறது என்று தெரிந்ததிலிருந்தே கம்பனிக்குப் பலமுறை எழுதியிருந்தேன், பதிலே இல்லை. ஏதாவது நடக்கும்வரை யாரும் காதுகொடுக்கமாட்டார்கள் என்று புரிந்தது. உண்மையான மழையில் உண்மையான போன் ஊமையாக இருப்பதை ஒருமுறை காட்டினால் போதும். குறுஞ்செய்தியில் எச்சரிக்கும் வழியும் என்னிடம் தயாராக இருந்தது. அதை நிறுத்திவைத்தேன். அது போய்ச் சேர்ந்தால் சோதனை சுத்தமாக இராது.

சரிவு நடந்த அன்று பிற்பகல், கண்டி கொட்டுகொடெல்ல வீதியில் என் கடைத் திரையில் அளவு ஏறியது. எல்லையைத் தாண்டியது. நான் திரையைக் காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன். கணேசைக் கூப்பிடக் கையருகே போன் இருந்தது. சரிந்தாலும் மண் மரக்கறிப் பாத்திப் பக்கம்தான் போகும் என்று கணித்திருந்தேன். கணிப்பில் பிழையில்லை, லயத்துக்குப் பின்னால் புதிதாக வாய்க்கால் வெட்டியதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மண் அதன்வழியே லயத்தில் இறங்கியது; ராக்கம்மா படுத்திருந்த அறை, அந்தக் காம்பராதான், அவரோடு முதலில் போனது. கணேஸ் கொழுந்து நிறுக்கும் இடத்தில், போனைச் சட்டைப்பையில் வைத்தபடி நின்றிருக்கிறான்.

காணொளியை நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள். கம்பனியின் துரோகம் அதில் தெளிவாகத் தெரிகிறது. குறுஞ்செய்தியை நிறுத்தியதும், கூப்பிடாமல் இருந்ததும் நான்தான். அதை மறைக்கவில்லை.

ஒன்றுதான் மனதை அறுக்கிறது. கணேஸ் நேராக உங்கள் பொலிஸ் நிலையத்துக்கு வந்து என்மேல் முறைப்பாடு கொடுத்திருக்கிறான். இத்தனை வருடப் பழக்கம், சேர். எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.