நாலு மணி வரைக்கும் நனையலாம்

— ஏம்மே, இந்தப் படிக்கட்டு முடியவே முடியாதா? மூட்டு ரெண்டும் கழண்டு கைல வந்துடும் போலக்கீது.

— இன்னும் ஒரு மாடிதான் ஆன்ட்டி. ட்யூப இப்டி குடுங்க, நான் தூக்கிக்கிறேன். ஒத்த ஆளா வந்தா இந்தத் தண்ணிச் சறுக்குல ஏத்த மாட்டேங்கறாங்க, அதான் உங்கள ஜோடி புடிச்சேன்.

— நல்லா புடிச்ச போ. நானே எவ கூட வருவான்னு முழிச்சிகினு நின்னேன். ஆமா, வயசுப் பொண்ணு, தனியாவா வந்த?

— பார்லருக்குப் போறேன்னு அம்மா கிட்ட சொல்லிட்டு வந்தேன்.

— நான் கோவளத்துல தமிழ்ச்செல்வி காலு ஒடஞ்சி கெடக்கறா, பாத்துட்டு வரேன்னு வூட்டுக்காரு கிட்ட சொல்லிட்டு வந்தேன்.

— அச்சச்சோ. தமிழ்ச்செல்வி யாரு?

— யாருக்குத் தெரியும்? அப்டி ஒருத்தியே கெடையாது.

— பார்வையாளர்கள் கவனத்துக்கு. குழந்தைகள் சறுக்கில் பெரியவர்கள் ஏறக் கூடாது. பச்சை டீ-ஷர்ட் போட்ட ஐயா, உங்களைத்தான். தயவு செஞ்சு இறங்குங்க.

— கேட்டியா மைக்குல? பேரன் பேத்தி எடுக்கற வயசுல சின்னப் புள்ளைங்க கூட மல்லுக்கு நிக்கறான். வூட்ல பொம்பள ஒருத்தி இருந்தா இப்டி வுடுவாளா?

— உங்க வூட்டுக்காரர் உங்கள வுட்ருக்காரே.

— எங்க வுட்டாரு? அவரு திருவிடந்தை கோயில் வாசல்ல ரெண்டு மாலைய மடில வச்சிகினு குந்திகினு கீறாரு. காலைல வந்தோம், பூக்கடைல மாலை வாங்கனோம், அதுக்குள்ள மத்தியானம்னு கோயில் நடை சாத்திட்டாங்க. நாலு மணி வரைக்கும் இன்னா பண்றது? தமிழ்ச்செல்விய சொன்னேன். மனுசன் ஒரு கேள்வி கேக்கல. நீ மெதுவா வாம்மே, அவசரமில்ல, நான் மாலைய பாத்துக்கறேன்னுட்டாரு. எனக்கே பாவமாப் போச்சி.

— நாலு மணிக்கு இன்னா விசேஷம்?

— எம்புள்ளைக்குப் பொண்ணு பாக்கறோம். கோயில்ல வச்சி பாத்துகிட்டா ரெண்டு வூட்டுக்கும் சங்கடமில்ல பாரு. புடிச்சிருந்தா அங்கயே ரெண்டு பேர் கழுத்துலயும் மாலையப் போட்டு பெருமாள சுத்த வுட்டுடலாம். புள்ள வேல முடிஞ்சி நேரா வந்துடுவான். ரஞ்சித்குமாரு. கார் கம்பெனில சூப்பர்வைசரு. ஏய், ஏய், ஏம்மே ட்யூப வுட்ட? கீழ நிக்கறவன் மண்டைல வுழுந்துதே.

— கை வழுக்கிடுச்சி ஆன்ட்டி. சாரி அண்ணா, அத கொஞ்சம் மேல தள்ளி வுடுங்க. ம், பொண்ணு எந்த ஊரு?

— ஊரப்பாக்கம். துர்காதேவின்னு பேரு. நாங்க மதுராந்தகம். நீ எந்த ஊரு?

— நான்... தாம்பரம்.

— பக்கம்தான். உனுக்கு அவள தெரியுமா?

— ஊர்ல நூறு துர்கா இருக்கா ஆன்ட்டி. பொண்ணு எப்டி, நல்லாருக்காளா?

— யாரு கண்டா? ஸ்டூடியோ போட்டோ அனுப்பிச்சாங்க. பொங்கலுக்கு செவுத்துல வெள்ளயடிச்ச மாரி கீது. மூக்கு எங்க, கன்னம் எங்கன்னு தேட வேண்டிகீது. நேர்ல வந்து நின்னா அவங்க அம்மாவுக்கே அடையாளம் தெரியாது.

— அது அந்த ஸ்டூடியோக்காரன் பண்ற வேலை ஆன்ட்டி. பொண்ணு இன்னா பண்ணுவா?

— உனுக்கு ஏன் மூஞ்சி சிவக்குது?

— வெயிலு. புடிக்கலன்னா வேணாம்னு சொல்லிட வேண்டியதுதான?

— யாரு சொன்னா புடிக்கலன்னு? இன்னொரு போட்டோ கீது, என் தங்கச்சி மவ போன்ல காட்னா. இதே மாரி ஒரு பார்க்ல, முடிய விரிச்சிகினு, கண்ண மூடிகினு, தொண்ட தெரிய வாயத் தொறந்துகினு வழுக்கினு வர்றா. அத எங்க வூட்டுக்காரு பாத்துட்டு ஒரே பேஜாரு. தண்ணில கூத்தடிக்கறதெல்லாம் வூட்டுக்கு ஆவாதுன்னு ஒத்தக் கால்ல நிக்கறாரு.

— ஏற்கெனவே ஒரு எடம் அதனாலதான்... அதனாலயும் எடம் தட்டிப் போவும் ஆன்ட்டி, கேள்விப்பட்ருக்கேன். நீங்க இன்னா சொன்னீங்க?

— நான் ரெண்டு கால்ல நின்னேன். இந்தப் பொண்ணுதான் வேணும்னுட்டேன். அந்த போட்டோவ எத்தினி வாட்டி பாத்தேன் தெரியுமா? அப்டி வாயத் தொறந்து நான் சிரிச்சே எவ்ளோ காலம் ஆவுது. எங்க வூட்ல மூணு ஆம்பளைங்க, மூணு பேரும் டிவிய பாத்துதான் சிரிப்பானுங்க. அவ வந்தா வூட்டுக்கு ஒரு சத்தம் வரும்.

— ஆன்ட்டி...

— இன்னாம்மே, கண்ணு கலங்குது?

— குளோரின். அப்ப நீங்க இங்க வந்ததே அந்த போட்டோவாலயா?

— அதுலருந்து புடிச்ச பைத்தியந்தான். வெங்காயம் உரிச்சிகினே போன்ல இதத்தான் பாப்பேன். துபாய்ல சுத்தி வெறும் மணலு, நடுவுல சறுக்கு. கனடாவுல வெளிய பனி கொட்டுது, உள்ள அரை டவுசரோட குதிக்கறானுங்க. ஜப்பான்ல கடல் பக்கத்துலயே கூரையப் போட்டு பொய்க்கடல் கட்டி வச்சிருந்தானுங்களாம்.

— நாம மட்டும் இன்னா? ரோட்டுக்கு அந்தாண்ட நெஜக்கடல் சும்மா கெடக்கு. டிக்கெட்ட வாங்கினு இங்க வந்து நிக்கறோம்.

— நெஜக்கடலு மரியாத தெரியாதது. கேக்காமலே காலப் புடிச்சி இழுக்கும். இது பாரு, சைரன் ஊதி சொல்லிட்டுதான் அலைய வுடுது. அய்யய்யோ, மேல வந்துட்டமா? இன்னாம்மே இது, கெணறு மாரி கீது. நான் வரல. படி வழியா எறங்கிக்கறேன்.

— பின்னாடி நூறு பேர் நிக்கறாங்க ஆன்ட்டி. முன்னாடி ஒக்காருங்க. நான் பின்னாடி இருக்கேன்.

— உனுக்கு இன்னா, சின்ன வயசு. நான் போயி சேந்துட்டா நாலு மணிக்கு அங்க பொண்ணப் பாக்கறது யாரு? எங்க வூட்டுக்காரு ஒரு சாக்கு கெடச்சா போதும்னு கீறாரு. நான் இல்லன்னா அவளப் பாக்காமலே கெளம்பிடுவாரு.

— அப்டியெல்லாம் வுட்ருவனா? கைப்புடிய கெட்டியாப் புடிச்சிக்கங்க அத்த.

— புடிச்சிகினுதான் கீ... இன்னாது, அத்தையா?

— போலாம் அண்ணா, தள்ளுங்க.

— அடியேய்ய்ய்ய்...

— கத்துங்க அத்த, நல்லா கத்துங்க.

— பாவீ... யம்மாஆஆ...

— எழுந்திருங்க. அவ்ளோதான், முடிஞ்சிடுச்சி. தண்ணி இடுப்பளவுதான்.

— வுடு கைய. எம்மூஞ்சிக்கு நேரா நின்னுகினு தாம்பரம்னு சொன்னவதான நீ? சிரிக்காத. நான் சீரியஸா பேசிகினு கீறேன், சிரிக்காத... இல்ல, சிரி. இன்னும் தொற. அதே வாயிதான். அதே தொண்டதான்.

— வெள்ளயடிச்ச செவுருன்னு சொன்னீங்களே.

— சாயம் போயி நல்லாதான் கீற. ஏண்டி, எம்புள்ளைய உனுக்குப் புடிச்சிருக்கா?

— இன்னும் நேர்ல பாக்கல. மாமியாரப் புடிச்சிருக்கு.

— அது போதும், பையன நான் பாத்துக்கறேன். இப்ப கேளு. நாலு மணிக்கு கோயில்ல நீ என்னப் பாத்ததே இல்ல, நானும் உன்னப் பாத்ததே இல்ல. தலையக் குனிஞ்சி நில்லு. நான் கொஞ்சம் முறைப்பா கீற மாரி கீறேன். இது மட்டும் எங்க வூட்டுக்காரு காதுக்குப் போச்சின்னா, அவளும் கெட்டா, உன்னையும் கெடுத்தான்னு மாலையத் தூக்கினு வண்டி ஏறிடுவாரு. கல்யாணம் அங்கயே நின்னுடும்.

— உங்க தலை ஈரமா இருக்கே அத்த. கேட்டா?

— தமிழ்ச்செல்வி அழுதா, அவ கண்ணீருன்னு சொல்லிக்கறேன். நீ போய் மொதல்ல துணிய மாத்து. மைக்குல மறுபடியும் இன்னாவோ சொல்றான், இரு.

— பார்வையாளர்கள் கவனத்துக்கு. பச்சை டீ-ஷர்ட் போட்ட ஐயா, குழந்தைகள் சறுக்கை விட்டு இறங்கச் சொல்லி இதோடு மூணாவது முறை. மதுராந்தகம் எல்லப்பன்னு லாக்கரில் பேர் குடுத்தது நீங்கதானே? நீங்க உள்ளே வச்சிட்டுப் போன ரெண்டு கல்யாண மாலையும் வாடுது, சீக்கிரம் வந்து எடுத்துக்கங்க.