பட்டா இல்லாத நிலம்

திண்டிவனத்தில் விழுப்புரம் பஸ் கிளம்பியதும், முன் சீட்டில் ஜவுளிக்கடைச் சீருடையில் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி வெடித்தாள்.

"என் நெலத்தையே புடுங்கிக்கினான்டி!"

பக்கத்து சீட்டுப் பெரியவர் திரும்பினார். "பட்டா யாரு பேர்ல இருக்குது, பாப்பா?"

"போன் கேம்ல இருக்கற நெலம்ங்க. வருசக்கணக்கா நான் பயிர் வச்சது."

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தோழியிடம் தொடர்ந்தாள்.

"கேம் கம்பெனிலேர்ந்து பேசறேன், உங்க அக்கவுண்ட்ல பிரச்சனைன்னு போன் பண்ணான். எடுத்ததும் 'சாப்ட்டீங்களாக்கா'ன்னான். அப்டி கேக்கறவன சந்தேகப்பட மனசு வருமா? ஓ.டி.பி.ய சொல்லிட்டேன். அவ்ளோதான், என்னை வெளிய தள்ளிட்டான்."

"நெஜ கம்பெனிக்கு எழுதினியா?"

"எழுதாம? இது உன்துதான்னு என்ன ஆதாரம்னு இங்கிலீஷ்ல என்னையே கேக்கறாங்க! அந்தத் திருடன்கிட்ட எவனாவது ஆதாரம் கேட்டானா? என் பேர்லயே ஜம்முனு வெள்ளாம பண்ணிக்கினு இருக்கான்!"

"எப்பலேர்ந்து?"

"ஞாயித்துக்கெழமைலேர்ந்து."

தோழி தன் போனை எடுத்துக் கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்தாள்.

"அப்ப நேத்து கேம்ல என்கிட்ட ஓ.டி.பி. கேட்டது நீ இல்லியா?"

"நான் எங்கடி கேட்டேன்?"

"மொதல்ல சாப்ட்டியான்னு கேட்டிருந்துச்சு. இவ என்னிக்கும் இப்டி கேக்க மாட்டாளேன்னு அப்பவே நெனச்சேன்டி."